பாபினுக்குத் தைத்த சட்டை

கட்டியை இன்ச் டேப் வைத்துத்தான் அளந்தேன். ஒண்ணேகால் இன்ச். 22 வருஷமாகத் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் வீட்டோடு மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான், எது நடந்தாலும் கை முதலில் டேப்பைத்தான் தேடும். பாபின் மல்லாந்து படுத்துக் காட்டினாள். வயிற்றைத் தடவிக்கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

பாபின் எங்கள் பூனை. 2014 ஐப்பசி மழையில் நனைந்துபோய் மெஷினுக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டி. மறுநாளே மெஷினில் நூல் சுற்றிப் போடுகிற பாபின் ஒன்றை உருட்டிக்கொண்டு போய் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள், அதிலிருந்து அதுவே பெயர். உடம்பெல்லாம் வெள்ளை, வலது தோளில் மட்டும் இஸ்திரிப் பெட்டி பட்டுத் தீய்ந்த மாதிரி ஒரு திட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, அம்மா பத்திரப்பையை எடுத்தாள். நான் வயர் கூடையில் பாபினை வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கட்டி, எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். இரண்டு நாள் அந்தக் கூடைக்குள்ளேயே இருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதே கூடையில்தான்.

2024 தீபாவளிக்கு முன்னாலேயே அந்தக் கட்டி என் கையில் தட்டுப்பட்டது. பாசிப்பயறு அளவுதான். தீபாவளி நேரம் தையல்காரி வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓடும், கட்டில் முழுக்க வெட்டிப்போட்ட துணி. பண்டிகை முடியட்டும் என்று விட்டேன். முடிந்ததும் ஒரு டாக்டரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, பால் கட்டியிருக்கும் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். குட்டி போட்டு ஏழு வருஷத்துக்கு மேல் ஆன பூனைக்கு எங்கேயிருந்து பால் வரும்? அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேன்சராக இருக்காது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த மனசுக்கு, அந்தக் களிம்பு போதுமாக இருந்தது. மார்கழி பிறந்தபோது கட்டி இருந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் பளபளவென்று ஆகிவிட்டது, பக்கத்துக் காம்பு சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் டேப்பை எடுத்தேன்.

மறுநாள் சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிற ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எங்கள் தெரு ஆட்டோ அண்ணாச்சி மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே இருந்த டாக்டர் அம்மா வயது குறைந்தவர். அவசரப்படாமல், வயிற்றில் பக்கத்துக்கு நாலாக எட்டு காம்பையும் ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு கக்கத்தைத் தடவினார். இரண்டாவதாகச் சின்னதாக ஒன்று அங்கேயும் இருந்தது. நான் ஒண்ணேகால் இன்ச் என்று சொன்னதும், "3 சென்டிமீட்டரைத் தாண்டிருச்சேம்மா" என்றார்.

அவர் சொன்னது இதுதான். நாய்க்கு மார்க்கட்டி வந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் புற்று. பூனைக்கு வந்தால் 100-க்கு 85-க்கு மேல் புற்றாகத்தான் இருக்கும். 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும் பூனைகள் உண்டு. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாதக்கணக்குதான். அவர் மறைக்கவில்லை, மிரட்டவும் இல்லை. இன்றைக்கும் அதற்காக அவரை மனதில் கும்பிடுகிறேன்.

இன்னொன்றும் சொன்னார், அதைப் பெண் பூனை வளர்க்கிற எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டும். ஆறு மாத வயதுக்குள் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுக்கிற ஆபரேஷன் செய்துவிட்டால் இந்தப் புற்று வருகிற வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறதாம். இரண்டு வயதுக்கு மேல் செய்தால் இந்த விஷயத்தில் பலனே இல்லை. "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்பதான் உடம்புக்கு நல்லது" என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். இரண்டு தடவை குட்டி போட்ட பிறகு, மூன்று வயதில் செய்தேன். உங்கள் வீட்டுக் குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது என்றால் இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் வாரம் நான் மனுஷியாகவே இல்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன், துணி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சோறு இறங்கவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். தீபாவளிக்கு முன்னால் போயிருந்தால், அந்தக் களிம்பை நம்பாமல் இருந்திருந்தால் என்று அதையே திரும்பத் திரும்ப நினைப்பேன். ஒரு நாள் விடியற்காலம் அம்மா எழுந்து வந்து பார்த்தாள். "ஏட்டி, அவ சாப்பிட்டுட்டு சுகமா தூங்குதா. நீதான் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்க" என்றாள். பாபின் பத்தமடைப் பாயில் ஒருக்களித்துப் படுத்து, கனவில் ஏதோ துரத்திக்கொண்டு முன்னங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்திருந்த நோய் அவளுக்கு வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இருந்தது வயிற்றில் ஒரு கட்டி. மாதக்கணக்கு என்கிற பேச்சு என் தலைக்குள்தான் இருந்தது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் கிட்னி அளவு மட்டும் கொஞ்சம் கூட. ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். கட்டியை மட்டும் எடுத்தால் பக்கத்திலேயே திரும்ப வரும். ஒரு பக்கத்து மார்க்காம்புகளுக்குள் நிணநீர்க் குழாய்கள் ஒன்றோடொன்று தொடர்பாக இருப்பதால், அந்தப் பக்கம் முழுவதையும் கக்கத்து நெறிகட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டும். சாயந்தரம் அவளை என் கையில் கொடுத்தபோது, கக்கத்திலிருந்து தொடையிடுக்கு வரை ஒரே தையல். நான் தையல்காரி, தையலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஒரே இடைவெளி, எங்கேயும் சுருக்கம் இல்லை. அப்படித் தைத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

நக்கக் கூடாது என்று கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அது கதவில் இடித்தது, தட்டில் இடித்தது. பாபின் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள், சாப்பிடவில்லை. அந்த ராத்திரிதான் எனக்கு உருப்படியாக ஒரு வேலை கிடைத்தது. வீட்டுக்காரருடைய பழைய பனியனை எடுத்தேன். துவைத்துத் துவைத்து மிருதுவாகிப் போன துணி, இழுத்தால் கொடுக்கும். முதலில் வெட்டியது சரியாக வரவில்லை, முன்னங்கால் ஓட்டை சின்னதாகிக் கக்கத்துத் தையலில் உரசியது. இரண்டாவதில் ஓட்டையைப் பெரிதாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெட்டினபடியே விட்டேன். பனியன் துணி பிரியாது. இணைப்புத் தையல் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் வைத்தேன், உள்ளே ஒரு நூல்கூட உறுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு, ஆறு இடத்தில் நாடா. வால் பக்கம் ஏற்றி வெட்டினேன், அவள் மண் தட்டில் உட்கார வேண்டுமே. டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் கூம்பைக் கழற்றினேன். சட்டையைக் கட்டிவிட்டதும் மூன்று தடவை பின்பக்கமாகவே நடந்தாள், பிறகு தட்டுக்குப் போய் நக்க ஆரம்பித்தாள். துவைத்து மாற்ற மூன்று சட்டை ஆயிற்று. இப்படி ஒரு ஆபரேஷன் உங்கள் பூனைக்கு வந்தால் டெய்லரிடம் நான் சொன்ன மாதிரி சொல்லித் தைத்துக்கொள்ளுங்கள். பழைய துணியாக இருக்க வேண்டும், தையல் வெளிப்பக்கம், நாடா முதுகில்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மைனி பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "பச்சைப் புள்ளைக்கே கொடுக்கோம், இதுக்குக் கொடுத்தா என்ன?" அவளும் பாபினுக்கு மீன் தலை கொடுத்து வளர்த்தவள்தான். ஆனால் பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற சக்தி கிடையாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் செத்துப்போகும். ஒரே ஒரு மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல. டாக்டர் முதல் நாளே அதைச் சொல்லி அனுப்பியிருந்ததால் பிழைத்தோம். பூனைக்கென்று எழுதிக்கொடுத்த வலி மருந்து உண்டு, கிட்னியைப் பார்த்துச் சொட்டுக் கணக்கில் கொடுப்பது. அதைத் தவிர மனுஷ மருந்து எதையும் தொடவே கூடாது.

பயாப்ஸி ரிசல்ட்டில் புற்றுதான். நெறிகட்டியிலும் இருந்தது. கீமோ பற்றி விளக்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது, பூனைக்கு முடி பெரிதாகக் கொட்டாது, மீசை கொட்டும், கிட்னியைத் தாக்கலாம். நோயைத் தள்ளிப்போடும், போக்காது. நானும் வீட்டுக்காரரும் இரண்டு ராத்திரி பேசினோம். ஏற்கெனவே கிட்னி சுமார். கூடையைப் பார்த்தாலே பரணில் ஏறுகிறவள், ஆட்டோவில் பயத்தில் மூத்திரம் போய்விடுவாள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். இள வயது, கிட்னி நன்றாக இருக்கிற பூனை என்றால் நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன். பூனைக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்களும் உண்டு, கீமோ கொடுக்காமல் விட்டுவிட்டீர்களே என்றவர்களும் உண்டு. இரண்டுக்கும் பதில் சொல்வதை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பூனை வலியை எப்படிக் காட்டும் என்பதைத்தான். பூனை கத்தாது, ஒளிந்துகொள்ளும். குறுகுறு என்று தொண்டையில் சத்தம் வந்தால் சுகமாக இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், வலியிலும் அந்தச் சத்தம் வருமாம். 2019-ல் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முகத்தை வைத்து வலியைக் கணிக்க ஒரு முறை வெளியிட்டிருக்கிறார்கள். காது இரண்டு பக்கமும் விலகித் திரும்பும், கண் இடுங்கும், மூக்கும் வாயும் இறுகும், மீசை விறைத்து நேராகும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். இந்த ஐந்தையும் தினம் காலையில் வெளிச்சத்தில் பார்ப்பேன். அதேபோல ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க டாக்டர் ஏழு விஷயம் சொல்லியிருக்கிறார்: வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வாடிக்கைக்காரர்கள் அளவு எழுதுகிற நோட்டில் பாபினுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். சந்தோஷம் என்கிற இடத்தில் எழுதுவதுதான் சிரமம். மெஷின் ஓடும்போது நூல்கண்டைத் தட்டிவிட்டால் அன்றைக்கு எட்டு.

பசி முக்கியம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே ஆளைத் தூக்கிவிடும். சாளையை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு பிசைந்து இளஞ்சூடாக வைப்பேன். ஆறிவிட்டால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். மறுபடி சூடு பண்ணினால் வாசத்துக்கு வருவாள்.

வைகாசியில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், சட்டைப் பொத்தான் மாதிரி மூன்று. நான் அழவில்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். தூங்கும்போது மூச்சை எண்ணச் சொன்னார். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ, வயிறு எக்கி மூச்சு வாங்கினாலோ, வாயைத் திறந்தாலோ காத்திருக்காமல் கொண்டுவரச் சொன்னார். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் எடுத்துப் பார்க்கலாம், அதுவும் முடியாதபோது ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம் என்றும் அன்றைக்கே பேசிவிட்டார். அந்த நேரத்தில் வைத்து முடிவு செய்யாதீங்க, இப்பவே வீட்டில் பேசி வையுங்க என்றார்.

பேசினோம். அம்மாவுக்குச் சம்மதம் இல்லை, உசிரை நாம எடுக்கக் கூடாது என்கிறாள். மூச்சுத் திணறித் திணறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்றேன். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் அது அப்படியேதான் இருக்கிறது. அதிகம் பேசாத என் வீட்டுக்காரர்தான், "கூடையை அன்னைக்கு நான் தூக்கிட்டு வாரேன்" என்றார்.

இது ஆவணி. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். மதியம் திண்ணை வரை போய் அணிலைப் பார்த்துவிட்டு வந்தாள். இப்போது மெஷின் பக்கத்தில், அந்தப் பனியன் சட்டைகளை மடித்துப் போட்டுவைத்த இடத்தில் படுத்திருக்கிறாள். மணி பத்தரை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன், 26. நேற்று 25. மறுபடி எண்ணிப் பார்த்தேன், 26-தான். நோட்டில் எழுதிவிட்டேன்.