100 பங்குகள், ஒரு ஸ்டூடியோ: ஜாக்சன் ஹைட்ஸில் கோ-ஆப் வீடு வாங்கிய அனுபவம்

"பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. நியூயார்க்கின் குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் ஸ்டூடியோ வீட்டுக்கு விலை பேசி முடித்திருந்தேன். ஒரே அறை, ஒட்டினாற்போல் சிறு சமையலறை, குளியலறை. விலை 2,40,000 டாலர். ஆனால் என் பெயரில் பத்திரம் எதுவும் பதிவாகப் போவதில்லை.

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கினால் பிரிக்கப்படாத மனைப் பங்கு என்று நிலத்தில் ஏதோ கொஞ்சமாவது நம் பெயருக்கு வரும். கோ-ஆப்பில் அதுவும் கிடையாது. நிலமும் கட்டடமும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நாம் வாங்குவது அந்த நிறுவனத்தின் பங்குகளை. கூடவே, இன்ன வீட்டில் குடியிருக்கலாம் என்று உரிமை தரும் நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தம் வரும். கட்டடம் முழுவதற்கும் 12,000 பங்குகள். என் வீட்டுக்கு 100.

"நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் போலவா?" என்றார் அம்மா. அப்பா தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். யாரை உள்ளே விடுவது என்பதையும் சங்கமே முடிவு செய்யும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2023 கோடையில், வேறொரு கட்டடம் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

அந்த முதல் முயற்சியை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. கோ-ஆப் வாங்க வங்கி சம்மதித்தால் போதாது. குடியிருப்பவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த போர்டு சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பக் கட்டு தயாரிக்க வேண்டும்: இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கின் ஒவ்வொரு பக்கமும், வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம், இப்போதைய வீட்டுக்காரரிடமிருந்து கடிதம், நண்பர்கள் எழுதிய நற்சான்றுகள். என் கட்டு 214 பக்கம். ஊரில் அக்காவின் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பிய பணம்கூட அதில் ஒரு வரியாக இருந்தது. அது எதற்கு என்று விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து ஒற்றை வரி மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நேர்காணலுக்கே கூப்பிடவில்லை.

காரணம் கேட்டேன். சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்றார் வழக்கறிஞர். இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்து மறுப்பது சட்டவிரோதம்தான். ஆனால் காரணமே சொல்லாதவர்கள் எதை வைத்து மறுத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டு மறுத்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் அது முழுதாக வந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணமும் வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணமும் போனது போனதுதான்.

அந்த நாட்களில்தான் இந்தப் பகுதியின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு மேலே 7ஆம் எண் ரயில் ஓடத் தொடங்கியது 1917இல். எட்வர்ட் மக்டூகல் என்பவரின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன், நடுவில் பெரிய தோட்டம் விட்டுச் சுற்றிலும் வீடுகள் கட்டி, கூட்டு உரிமை முறையில் விற்றது. அழகான கட்டடங்கள், 1993 முதல் அவற்றில் பெரும்பகுதி பாரம்பரிய வட்டாரமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அன்று யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கே வீடு கிடையாது. இன்று 74ஆம் தெருவில் புடவைக் கடையும் நகைக்கடையும், பக்கத்துத் தெருவில் வங்காளதேசத்தவரின் மளிகை, ரயில் பாலத்தடியில் திபெத்தியரின் மோமோ வண்டி, கிழக்கே நடந்தால் கொலம்பிய பேக்கரியும் எக்வடோர் உணவகமும். தெரு மாறிவிட்டது. வாசலில் நின்று ஆளைப் பார்த்து உள்ளே விடும் முறை மாறவில்லை. அதை அறிந்தபின் எனக்குக் கோபம்தான் கூடியது. வேறு பகுதிக்குப் போகும் எண்ணம் வரவில்லை. பதினோரு ஆண்டு இங்கே வாடகைக்கு இருந்திருக்கிறேன், இது என் ஊர்.

இரண்டாவது வீட்டை அக்டோபரில் பார்த்தேன். 1950களில் கட்டியது, பாரம்பரிய வட்டாரத்துக்குச் சற்று வெளியே. இந்த முறை வீட்டைவிடக் கட்டடத்தின் கணக்கைத்தான் அதிகம் பார்த்தோம். வழக்கறிஞர் நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து போர்டின் கூட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பின்சுவரில் நீர்க்கசிவு என்று மூன்று கூட்டங்களில் பேச்சு வந்திருந்தது. அதைவிட முக்கியம், கட்டடத்தின் பெயரிலேயே 24 லட்சம் டாலர் கடன் இருந்தது. அசல் குறையாமல் வட்டி மட்டும் கட்டும் கடன், 3.5 சதவீதம், 2027இல் முடிகிறது. புதுப்பிக்கும்போது வட்டி 6.5 ஆனால் ஆண்டுக்கு 72,000 டாலர் கூடுதல் செலவு. அதை 12,000 பங்குகளுக்கும் பிரித்தால் பங்குக்கு 6 டாலர். என் 100 பங்குக்கு ஆண்டுக்கு 600, அதாவது மாதம் 50 டாலர். இந்தக் கணக்கை அவர் ஒரு மஞ்சள் தாளில் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கோ-ஆப் வாங்க நினைக்கும் யாரும் சமையலறை மேடை பளிங்கா மரமா என்று பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

என் பக்கக் கணக்கு இது: விலையில் 25 சதவீதம், 60,000 டாலர், கையிலிருந்து. மீதி 1,80,000 கடன். வட்டி 7 சதவீதத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருந்த நேரம், 6.75இல் கிடைத்தது. மாதத் தவணை ஏறக்குறைய 1,170, பராமரிப்புக் கட்டணம் 610. சொத்து வரியும் வெப்பமூட்டும் செலவும் பராமரிப்புக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். இரண்டும் சேர்ந்து மாத வருமானத்தில் 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கி முடித்தபிறகும் ஓராண்டுச் செலவுக்கான தொகை வங்கியில் இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டடத்தின் விதி. ஏறக்குறைய 21,000 டாலர். அவ்வளவு கையில் இல்லாததால், விண்ணப்பத்தை மூன்று மாதம் தள்ளிப்போட்டுச் சேமிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஒரு வைப்பு நிதியை முடித்துச் சரிக்கட்டினேன். ஒரு சாதகமும் உண்டு. நிலத்தை அடமானம் வைக்காததால் அடமானப் பதிவு வரி கிடையாது. இதே கடனைத் தனி உரிமை வீட்டுக்கு வாங்கியிருந்தால் 1.8 சதவீதம், 3,240 டாலர் போயிருக்கும்.

நேர்காணல் அடித்தளத்தில், சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. மடக்கு நாற்காலிகளில் ஐந்து பேர். சுவருக்கு அப்பால் யாருடைய துணியோ உலர்த்தியில் உருண்டுகொண்டிருந்தது. ஏதோ உலோகப் பொத்தான் டக் டக்கென்று அடித்தபடியே இருந்தது. என் கட்டின் பிரதி ஒவ்வொருவர் மடியிலும். என் சேமிப்பும் கடனும் தெரிந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது எளிதல்ல, உள்ளங்கை வியர்த்தது.

பணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கொலம்பியாவிலிருந்து வந்தவர், தோழியின் நற்சான்றுக் கடிதத்தில் விரலை வைத்தார்.

"வீணை கற்றுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறார்களே, இங்கேயும் மாணவர்கள் வருவார்களா?"

வகுப்பு நடப்பது வேறிடத்தில், வீட்டில் பயிற்சி மட்டும் என்றேன். தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும், இரவு பத்துக்குமேல் வாசிக்கக் கூடாது என்றார்கள். ஒப்புக்கொண்டேன். பிறகு அவர் கேட்டார்: "அது எத்தனை தந்தி?" ஏழு என்றேன். பக்கத்தில் இருந்த வங்காளதேசத்துப் பெரியவர் தலையசைத்துச் சிரித்தார். இருபது நிமிடத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் சம்மதம் வந்தது.

2024 ஜனவரியில் நிர்வாக அலுவலகத்தில் கையெழுத்து. ஒரு மணி நேர வேலை. பங்குச் சான்றிதழின் அசலை வங்கிக்காரர் எடுத்து வைத்துக்கொண்டார், கடன் தீரும்வரை அது அவர்களிடம்தான். எனக்குப் பிரதி. அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "உன் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறார்களே" என்று பதில் எழுதினார்.

சென்ற மே மாதம் ஆண்டுக் கூட்டத்தில் போர்டில் ஓர் இடம் காலியானது. நின்றேன், தேர்வானேன். முதல் கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேட்டேன்: முழுமையான விண்ணப்பம் வந்த முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுதித் தர வேண்டும். முப்பது நாளுக்குச் சம்மதித்தார்கள். காரணம் எழுதுவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று குறிப்பில் பதிந்திருக்கிறார்கள். மூன்றாம் மாடி ஸ்டூடியோவுக்கு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். 190 பக்கம். இன்றிரவு அதைப் படிக்க வேண்டும்.