எதிரே இருப்பவருக்கு என்ன தெரிகிறது?

“அவன் இடத்துல இருந்து யோசிச்சுப் பாரு” என்று, அடித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் சொன்னால் ஒன்றும் ஏறாது. அடுத்தவர் மனம் கண்ணுக்குத் தெரியாத பொருள். தஞ்சை, திருவாரூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து வேலை செய்யும் எங்களுக்கு, அடுத்தவர் மனதைப் புரியவைப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பார்ப்பது, அடுத்து தெரிவது, பிறகு நம்புவது. சண்டைக்குக் காரணம் பேசுவதெல்லாம் அதற்கும் பின்னால்தான்.

பார்ப்பதற்குத் தலையாட்டி பொம்மை போதும். பிள்ளைக்கும் நமக்கும் நடுவே வைத்து, “எனக்கு என்ன தெரியுது, முகமா முதுகா?” என்று கேட்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. எப்போதும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் பிள்ளை “முதுகு” என்ற விடையை மனப்பாடம் செய்துவிடும். இடம் மாறி உட்கார வேண்டும், பொம்மையையும் மாற்ற வேண்டும்.

அடுத்து, மூடிய டப்பா. ஒரு பிள்ளை திறந்து பார்க்கட்டும், இன்னொன்று வெளியே தொட்டு மட்டும் பார்க்கட்டும். “உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஏன்?” “அவன் பாத்தான், அதனால தெரியும்” என்று பிள்ளையே காரணம் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நம்பிக்கைதான் கடினமான படி. ஒரு பொம்மை கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறது. முதல் பொம்மை திரும்பி வந்ததும் எங்கே தேடும்? மாற்றியது அதற்குத் தெரியாது, அதனால் கூடையில்தான் தேடும். 1985இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் இதைக் கேட்டபோது ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் கோலி இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். “முதல்ல எங்க தேடும்?” என்று கேட்பது நல்லது, சின்னப் பிள்ளைகளுக்குக் கேள்வி தெளிவாகிறது. “முதல்ல எங்க வச்சுச்சு?”, “இப்ப எங்க இருக்கு?” இரண்டையும் கூடவே கேட்டுவிட வேண்டும். அவற்றிலேயே தடுமாறினால் சிக்கல் ஞாபகத்திலோ மொழியிலோ இருக்கிறது, அதை முதலில் கவனிக்க வேண்டும்.

டப்பாவுக்குள் வேறு பொருளை ஒளித்து வைத்து, திறந்து பார்க்காதவர் உள்ளே என்ன இருப்பதாக நினைப்பார் என்று கேட்கும் விளையாட்டும் உண்டு. அதற்கு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுக்காதீர்கள். அதில் துவரம்பருப்பு இருப்பது நம் வீட்டுப் பிள்ளைக்கு வியப்பே இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே பஞ்சு வைத்து, ஒட்டிக்கொள்ளுங்கள்.

பொம்மையிடம் சரியாகச் சொல்லும் பிள்ளை சத்துணவு வரிசையில் தள்ளத்தான் செய்யும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அமெரிக்க ஆசிரியர் கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த சமூகக் கதை முறை, அதாவது ஒரு சூழ்நிலையைப் பிள்ளைக்குச் சின்னக் கதையாக எழுதிக் காட்டுவது, இங்கே நன்றாக உதவுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியம் வந்தால், நடப்பதை விவரிக்கும் வாக்கியங்கள் இரண்டு முதல் ஐந்துவரை இருக்க வேண்டும். “மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்போம். முன்னால் நிற்பவருக்கும் பசிக்கும். பின்னால் வருபவருக்கும் சாப்பாடு இருக்கிறது. என் முறை வரும்வரை நிற்கப் பார்ப்பேன்.” இதை மணி அடிப்பதற்குச் சற்று முன் வாசிக்க வேண்டும். தள்ளிய பிறகு வாசித்தால் அது தண்டனையாகிவிடும். “எல்லாருக்கும் முட்டை உண்டு” என்று எழுதி, ஒரு நாள் முட்டை குறைந்தால் கதை முழுவதும் பொய்யாகிவிடும். உறுதியாக நடப்பதை மட்டுமே எழுதுங்கள்.

சண்டைக்குப் பின் “சாரி சொல்லு” என்பதை நாங்கள் விட்டுவிடச் சொல்கிறோம். பிள்ளை சொல்லிவிட்டு ஓடிவிடும், வேறொன்றும் நடக்காது. இருவரும் அடங்கிய பின் குச்சி மனிதர்களை வரைந்து, தலைக்கு மேல் நினைப்பு வட்டம் போடுங்கள். வட்டத்தைப் பெரியவர்கள் நிரப்பக் கூடாது. “நீ என்ன நெனச்ச?” என்று இருவரிடமும் கேட்டு, அவர்கள் சொன்னதையே எழுத வேண்டும்.

கண்ணைப் பார்த்துப் பேச வைப்பதை இலக்காக்காதீர்கள். அது பல பிள்ளைகளுக்கு வேதனை. பெரியவர் முன் தலை குனிவதை மரியாதையாகப் பார்க்கும் ஊரில் அதற்கு அவசியமும் குறைவு. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் எழுதியது எங்களுக்கு முக்கியம். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஏன் காதைப் பொத்துகிறது என்று பக்கத்துப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வாய்க்கால் விளையாட்டு எடுபடும். தரையில் ஒரு வாய்க்கால் வரைந்து, ஒருவரைத் தண்ணீர் முதலில் வரும் மேல்மடையிலும் ஒருவரைக் கடைசியாக வரும் கடைமடையிலும் நிறுத்துங்கள். ஜூன் 12இல் மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது, மேல்மடைக்காரர் வாய்க்காலை அடைக்கிறார். கடைமடைக்காரருக்கு எது தெரியும், எது தெரியாது, என்ன நினைப்பார்? ஐந்து நிமிடம் கழித்து இடம் மாற்றுங்கள். யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் ஆசிரியர் முகத்தையே பார்ப்பார்கள், எதிரே நிற்பவரைப் பார்க்க மாட்டார்கள்.