கார் சாவியை எடுக்காமல் கிளம்புங்கள்

சென்னை வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூருக்கு நான் பறக்கும் ரயிலில்தான், அதாவது உயரத் தூண்கள் மேல் ஓடும் மின்ரயிலில்தான் போகிறேன். 1995இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, 2007இல் எங்கள் ஊரைத் தொட்ட தடம் அது. கோட்டூர்புரம் தாண்டியதும் கீழே அடையாறு விரிகிறது. கதவோரக் காற்று முகத்தில் அடிக்கிறது. அதே வேளையில் சர்தார் படேல் சாலையில் காருக்கு ஓர் ஆளாக உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று கார்கள் அடைக்கும் இடத்தில் ஒரு பஸ் ஐம்பது பேரைச் சுமக்குமே!

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். என் தங்கை ஸ்கூட்டரைத் தொடுவதே இல்லை.

நிலையத்திலிருந்து இறங்கி நடப்பதுதான் பாடு. நடைபாதையை மறித்து பைக்குகள் நிற்கின்றன. தள்ளாத வயதுப் பாட்டி ஒருவர் சாலையில் இறங்கி, லாரிக்கு ஒதுங்கி நடக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடப்பவருக்கு முதலில் வழிவிடுங்கள். திருவான்மியூர், தரமணிப் பக்கம் இருப்பவர்கள் வரும் திங்கட்கிழமையே ரயிலுக்கு வாருங்கள்.