பாய் என்றால் 'அரே' சொல்லணுமா?

தமிழ்ப்படத்தில் ஒருவரை முஸ்லிம் என்று காட்ட மூன்று வினாடி போதும்: தொப்பி, கண்ணில் சுர்மா, 'அரே' என்று தொடங்கும் உடைந்த தமிழ். கெடுதல் மூன்றாவதில்தான் அதிகம். தமிழ் பேசும் முஸ்லிம்களான ராவுத்தர் வீட்டில் அப்பாவை 'அத்தா' என்பார்கள். கீழக்கரை, காயல்பட்டினத்தில் 'வாப்பா', 'உம்மா'. நபிகளின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடிய உமறுப்புலவரும் முஸ்லிம்தானே? ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசுவோர் உண்டுதான், அவர்களும் இந்த ஊர்க்காரர்களே. ஆனால் எல்லாரையும் ஒரே வாடையில் பேசவிட்டால் 'இவன் வெளியாள்' என்று காதில் பதிந்துவிடுகிறது.

அடுத்தது ஒலி. வெடிகுண்டு கட்டும் காட்சிக்குப் பின்னணியில் பாங்கு. வசனமே வேண்டாம், நாலு படத்தில் இப்படிச் சேர்த்துக் கேட்டவனுக்குத் தெருமுனைப் பள்ளிவாசல் பாங்கும் உறுத்தும். தணிக்கையில் வசனத்தை மியூட் செய்யலாம், இந்த ஒட்டு தப்பிவிடும்.

கிறிஸ்தவர்களுக்கு வேறு கணக்கு: பழைய படங்களில் கடத்தல்காரன் ராபர்ட், கிளப் டான்ஸ் ரீட்டா.

'நல்ல பாய்' ஒருவரைச் சேர்ப்பது வழக்கமான சமாளிப்பு. பாவம், அவர் பெரும்பாலும் நாயகனுக்காகச் செத்துப்போவார். அதற்குப் பதில் அந்தப் பாத்திரத்துக்கு மதத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வேலை, ஒரு கடன், ஒரு கோபம் கொடுங்கள். பிறகு பெயரை மட்டும் மாற்றி வாசித்துப் பாருங்கள், காட்சி நிற்கிறதா என்று.