விரல் மை: ஒரு சித்திரை நாட்குறிப்பு

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

குரோதி வருஷம் பிறந்தது. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைக் கொஞ்சமாகத் தூவினேன். அத்தை வாயில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "கசப்பு தெரியணும் தாயி, இல்லாட்டி வெறும் மாங்காப் பச்சடிதானே?" மகன் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "குரோதம்னா கோபம்தானே அப்பத்தா? எலெக்‌ஷன் வருஷத்துக்குப் பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்றான்.

பிரசாரத்தின் கடைசி ஞாயிறு என்பதால் மதுரையில் எங்கள் கோரிப்பாளையம் பக்கம் காது கொடுக்க முடியவில்லை. எங்கள் தெருமுனையில் மூன்று கட்சிகளின் ஒலிபெருக்கி ஆட்டோக்கள் ஒரே நேரத்தில் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. பின்னால் எடுக்க யாருக்கும் மனசில்லை. கால் மணி நேரம் மூன்று பாட்டும் ஒன்றாக ஓடின. கடைசியில் ஒரு பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி வந்து மூவருக்கும் வழி ஒதுக்கிக் கொடுத்தார்.

ராத்திரி வீட்டுக்காரருக்குத் தனித் திருவிழா. வான்கடேயில் தோனி வந்து நான்கு பந்து ஆடி 20 ரன் அடித்தார், அதில் மூன்று தொடர்ச்சியான சிக்ஸர். மும்பை தோற்றதும் சரியாக 20 ரன்னில்தான். இந்தக் கணக்கை இவர் எனக்கு நான்கு முறை சொன்னார். இந்த வருஷம் கேப்டன் தோனி இல்லை, ருதுராஜ் என்பதை நான் ஒருமுறைகூட ஞாபகப்படுத்தவில்லை. பண்டிகை நாள் பாருங்கள்.

ஏப்ரல் 17, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. குக்கர் விசில் சத்தம் கேட்கும் அளவுக்கு ஊர் அடங்கியிருக்கிறது. டாஸ்மாக்கும் மூன்று நாள் மூடல்.

அத்தைக்கு 86 வயது. இந்த முறை 85 வயதைத் தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் நான் படிவத்தை எடுத்து வந்து கட்டிலில் வைத்தேன். "கூடத்துல நாலு பேரு நிக்கையில ஓட்டுப் போட்டா அது ரகசியமா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அட்டை மறைப்பு வைப்பார்கள் அத்தை, யாருக்கும் தெரியாது என்றேன். "ஒம்புருசன் எட்டிப் பாப்பான்."

இது பழைய கதை. அத்தை முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1962இல். அப்போதெல்லாம் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டசபைக்கு ஒன்று, பார்லிமென்ட்டுக்கு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு ஓட்டு. விரலில் மை வைத்தார்கள். மைசூரிலிருந்து மை வரத் தொடங்கியதே அந்தத் தேர்தலில்தான். வீட்டுக்கு வந்ததும் மாமனார், "யாருக்குப் போட்ட?" என்று கேட்டிருக்கிறார். அத்தை மையை மட்டும் காட்டினாராம். மாமனார் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

இந்த வீட்டில் யாருக்கு எந்த நடிகர், எந்தச் சாமி, எந்த டீம், யார் எந்த உறவினரோடு பேசுவதில்லை எல்லாமே ஊரறிந்த ரகசியம். ஓட்டு மட்டும் யாருக்கும் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை சொன்ன சட்டங்களில் நிலைத்து நிற்பது இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் நான் மெல்ல மெல்லக் கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன், இரவு

தேர்தல் டியூட்டிக்கு வந்து, ஒரு ஊராட்சிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில்தான் எந்த வாக்குச்சாவடி என்று ஆணை கையில் வந்தது. உசிலம்பட்டி சட்டமன்றத் தொகுதி. மாவட்டம் மதுரை, ஓட்டோ தேனி நாடாளுமன்றத் தொகுதிக்கு. என் ஓட்டைப் போன வாரப் பயிற்சி வகுப்பிலேயே தபாலில் போட்டாயிற்று.

தலைமை அலுவலர் ஒருவர், நாங்கள் மூன்று பேர். எனக்கு இரண்டாம் அலுவலர் வேலை: மை வைப்பது, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, சீட்டுக் கொடுப்பது. மின்விசிறி இருக்கிறது, சுற்றவில்லை. கழிப்பறையின் பூட்டுக்குச் சாவி தேடி இரண்டு பேர் போயிருக்கிறார்கள். சுவரில் சாக்பீஸில் "கூட்டலாம் வாங்க" என்று எழுதி ஒரு மயில் படம். நாளைக்கு எங்கள் வேலையும் அதுதான்.

ஏப்ரல் 20, சனி

நேற்று எழுத முடியவில்லை. வீடு வந்து சேர்ந்தது அதிகாலை இரண்டு மணி.

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. பூத் ஏஜென்டுகள் முன்னிலையில் ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, ஓட்டு யாருக்கென்று காட்டும் அந்த விவிபேட் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அழிக்க மறந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. எங்கள் தலைமை அலுவலர், "அழிச்சாச்சா, அழிச்சாச்சா" என்று எங்களை மூன்று முறை கேட்டார், இயந்திரத்தையும் ஒரு முறை கேட்டார்.

ஏழு மணிக்கு வரிசை மரத்தடி வரை. முதலில் வந்தவர்கள் எல்லாரும் கிழவிகள், தலைக்குக் குளித்து ஈரம் காயாமல். வயல் வேலைக்குப் போக வேண்டியவர்கள், நின்று பேச நேரமில்லை. நகத்தின் நுனியில் தொடங்கி முதல் கணு வரை கோடு இழுக்க வேண்டும். பாதிப் பேருக்கு நகத்தில் மண், துடைத்துவிட்டுத்தான் வைக்க முடியும். ஒரு பெரியவருக்கு இடது ஆட்காட்டி விரலே இல்லை. கரும்பு மெஷினில் போனது என்றார். அந்தக் கையிலேயே வேறு விரலில் வைக்கலாம் என்று விதி இருக்கிறது. நடுவிரலில் வைத்தேன். "போன தடவை வச்ச டீச்சரு பயந்துட்டாங்க" என்று சிரித்தார்.

ஒரு பாட்டி பட்டனை அழுத்திவிட்டு உடனே வெளியே வந்துவிட்டார். பீப் சத்தம் வரவில்லை. திரும்பிப் போகச் சொன்னோம். உள்ளேயிருந்து, "எம்மா, எதைத்தான் அமுக்க?" என்று குரல். ஏஜென்டுகள் நான்கு பேரும் வாயைத் திறந்தார்கள், தலைமை அலுவலர் கையை உயர்த்தினார், நான்கும் மூடிக்கொண்டன. "உங்களுக்கு எது பிடிக்குதோ அது, பாட்டி." கொஞ்ச நேரம் அமைதி. "எதுவுமே பிடிக்கலையே." அறை முழுக்கச் சிரிப்பு. அதற்கும் கடைசியில் ஒரு பட்டன் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்வது எங்கள் வேலை இல்லையே. ரொம்ப நேரம் கழித்து பீப் கேட்டது. எதை அமுக்கினாரோ, முகத்தில் ஒரு நிம்மதி.

மத்தியானம் வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது. வரிசை அற்றுப்போய், மூன்று மணிக்கு மேல் மறுபடி கூடியது. ஆறு மணிக்கு மூடி, 17ஏ-வில் கடைசி எண்ணைப் பார்த்தோம்: 688. இயந்திரத்தில் மொத்தம்: 688. ஆசிரியர்கள் நான்கு பேரும் சின்னப் பிள்ளைகள் போலக் கைதட்டினோம். அதன்பின் முத்திரை, கையெழுத்து, உறை, மறுபடி உறை. மண்டல அலுவலரின் வண்டி வர பதினொன்றரை.

அதே நேரத்தில் மதுரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடந்து முடிந்திருக்கும். ராயர் கிரீடம், வேப்பம்பூ மாலை, கையில் செங்கோல். சித்திரையிலிருந்து நான்கு மாசம் அவள் ஆட்சி, ஆவணியில் சொக்கரிடம் போகும். இயந்திரமும் வேண்டாம், 17ஏ-வும் வேண்டாம். 2019இல் இன்னும் வேடிக்கை: தேரோட்டமும் தேர்தலும் ஒரே நாளில் விழுந்து, மதுரையில் மட்டும் ராத்திரி எட்டு மணி வரை ஓட்டுப் போடவிட்டார்கள். அன்றைக்கும் எனக்கு டியூட்டிதான்.

அத்தையை இவர் ஆட்டோவில் கூட்டிப்போயிருக்கிறார். சக்கர நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே உள்ளே போனாராம். விடியற்காலையில் நான் கதவைத் தட்டியபோது விழித்துத்தான் இருந்தார். விரலை நீட்டிக் காட்டினார். என் விரல்களையும் நீட்டினேன். வெள்ளி நைட்ரேட் அஞ்சு விரலிலும் ஏறி, வெயில் பட்டுக் கறுத்துக் கிடந்தன. "நீ என்ன, அஞ்சு ஓட்டுப் போட்டியா?" என்றார்.

மகன் காலையிலேயே "கில்லி" பார்க்கக் கிளம்பிவிட்டான். 2004இல் வந்த படம், இன்று மறுபடி திரைக்கு வருகிறது. அது முதல்முறை ஓடியபோது இவன் பிறக்கவே இல்லை. அப்போது நான் பார்த்தேன், மீனாட்சி கோயில் கோபுரம் காட்டியபோது தியேட்டரில் எழுந்த விசில் இன்னும் காதில் இருக்கிறது. மத்தியானம் தொண்டை கட்டித் திரும்பி வந்தான். "எல்லா டயலாக்கையும் ஜனங்களே சொல்லிட்டாங்கம்மா, படம் கேக்கவே இல்ல." பிப்ரவரியில் விஜய் கட்சி தொடங்கியதிலிருந்து அவன் ரசிகனா தொண்டனா என்பது அவனுக்கே குழப்பம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மீனாட்சி திருக்கல்யாணம். டி.வி.யில் மங்கலநாண் ஏறியபோது நானும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். புது மஞ்சள் கயிறு, கறுத்த விரல்கள், கண்ணாடியில் பார்க்க எனக்கே சிரிப்பு. அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் மொய்ப்பணம் கொடுத்து அனுப்பினார், வருஷா வருஷம் போலவே. கல்யாண வீட்டில் சாப்பிட முடியாவிட்டாலும் மொய் வைக்காமல் விடக் கூடாது என்பது அவர் கட்சி. ஐம்பதாயிரத்துக்கு மேல் போனால்தான் பறக்கும் படை கேட்கும் என்று இவர் கிண்டல் செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்றார்கள். தூங்கி எழுவதற்குள் 69.46 ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு சந்தேகம். இவர்கூட என்னிடம் விசாரணை நடத்தினார். போனில் வாய்வழியாகக் கேட்டுக் கூட்டிய தோராயம் ஒன்று, படிவத்தைப் பார்த்துச் சேர்த்தது இன்னொன்று என்று விளக்கினேன். "உங்க பூத்துல?" என்றார். "688, அது மாறாது." வகுப்பில் பையன்களிடம் பேசும் குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அதன்பிறகு கேட்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

விடிந்தும் விடியாமலும் குகேஷ் செய்தி. டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியை ஜெயித்திருக்கிறான், 14 ஆட்டத்தில் 9 புள்ளி. இவர் மகனின் போர்வையை இழுத்து, "டேய், அவனுக்கும் பதினேழுதான்" என்றார். போர்வைக்குள்ளிருந்து பதில்: "அவங்க அப்பா அவனை எழுப்பியிருக்க மாட்டார்." நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடி, தங்கக் குதிரை ஏறி, அழகர் வைகைக்கு வந்தார். ஆற்றுக்குள் போக அத்தைக்கு இனி முடியாது. சந்து முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மடியில் சர்க்கரை நிரப்பிய செம்பு, மேலே வாழையிலை, அதில் சூடம். கூட்டத்தில் யாரோ தோப்பறை என்ற தோல் பையால் பீய்ச்சிய தண்ணீரில் சூடம் இரண்டு முறை அணைந்தது. மகன் இரண்டு முறையும் ஏற்றிக் கொடுத்தான். தொண்டை கட்டியவன் கோவிந்தா போட்டதுதான் இந்த வருஷத்து அதிசயம்.

அழகர் உடுத்தியது பச்சைப் பட்டு என்று செய்தி வந்தது. கூட்டம் முழுக்க ஒரு மூச்சு விட்டது. பச்சை என்றால் நாடு செழிக்கும். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக் கணிப்பை வெளியிட ஜூன் 1 வரை தடை, பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கிற பட்டுக்குத் தடையில்லை.

ராத்திரி சேப்பாக்கத்தில் ருதுராஜ் சதம் அடித்தும் சென்னை தோற்றது. ஸ்டாய்னிஸ் 124. இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்கா இப்படி?" என்று புலம்பல். பச்சைப் பட்டு மஞ்சள் சட்டைக்குச் சேராது போல என்று அத்தை சொன்னதை நான் போய்ச் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

இடையில் எழுதவே இல்லை. விடுமுறை, வெயில், அக்கா மகள் கல்யாணம். பள்ளி திறப்பு 6ஆம் தேதி என்றார்கள், வெயில் தணியவில்லை என்று 10 ஆக்கிவிட்டார்கள்.

காலை எட்டு மணியிலிருந்து டி.வி. முன்னால் நான்கு பேரும். கருத்துக் கணிப்புகள் பலவும் 350க்கு மேல் என்று சொன்ன பா.ஜ.க. கூட்டணி 293இல் நின்றது. பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. தமிழ்நாட்டில் 39ம் தி.மு.க. அணிக்கு, புதுச்சேரியையும் சேர்த்தால் நாற்பதுக்கு நாற்பது. இவரும் மகனும் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள், யார் எந்தப் பக்கம் என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்டில் மகனுக்குப் பதினெட்டு. முன்கூட்டியே பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம் என்று நான் படிவம் 6 பற்றிச் சொன்னதும் துள்ளினான். "2026ல என் முதல் ஓட்டு யாருக்குத் தெரியுமா அப்பத்தா?"

அத்தை அவன் வாயைப் பொத்தினார். நிஜமாகவே, கையால். ஆட்காட்டி விரலின் நகத்தில் மை நுனிப் பக்கம் ஏறி, கீழே புதுநகம் வெளுப்பாக வளர்ந்திருந்தது.

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஜெயித்த முகமா, தோற்ற முகமா என்று. ஐம்பது வருஷத்துக்கு மேலாக மாமனாரால் முடியாதது எங்களுக்கு முடிந்துவிடுமா? அத்தை ரிமோட்டை வாங்கி சீரியலுக்கு மாற்றினார்.

"மணி பன்னெண்டாச்சு. ஒலை வச்சியா இல்லையா தாயி?"