பாட்டு ஆப் ரேமைத் தின்ற கதை: காரைக்குடிக் கல்யாண வீட்டு லேப்டாப்

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் செட் கட்டுகிறவரின் லேப்டாப் இது. 8 ஜிபி ரேம், இன்டெல் சிப்பிலேயே இருக்கும் கிராபிக்ஸ், விண்டோஸ் 11. விடியற்காலை ஐந்து மணிக்கு மங்கள இசையைப் போட்டுவிட்டால் ஏழு மணிக்குள் பாட்டு திக்கித் திக்கி ஓட ஆரம்பிக்கும், மவுஸ் நகராது. ஆப்பை மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஆனால் வளவு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, தாலி கட்டப் போகிற நேரத்தில், யார் மூடித் திறப்பது? "அண்ணே, இன்னொரு எட்டு ஜிபி போட்டுரலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. போட்டிருந்தால் ஏழு மணிக்கு நிற்பது ஒன்பது மணிக்கு நின்றிருக்கும், அவ்வளவுதான்.

லேப்டாப் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டுப் பார்த்திருந்தார்கள். பலன் இருக்காது. பழைய செட்டிங்கும் பாட்டு லைப்ரரியின் டேட்டாபேஸும் பெரும்பாலும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் அப்படியே தங்கிவிடும். புதிதாக வரும் ஆப் அதையே எடுத்துக்கொள்ளும். ரேம் கிளீனர் ஒன்றும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது செய்தது கெடுதல்தான். ஆப் வைத்திருக்கும் தரவை ரேமிலிருந்து டிஸ்கில் ரேமின் உபரிக்காக விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். பார்க்க ரேம் காலியானதுபோல் இருக்கும். ஆப் அடுத்த முறை அதைத் தொட்டதும் எல்லாம் டிஸ்கிலிருந்து திரும்பி வர வேண்டும், அந்த இடத்தில் பாட்டு திக்கும். கிளீனரை எடுத்த பிறகுதான் மற்றது.

அளவு எடுக்கத் தெரிய வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். முதல் பக்கத்து மெமரி எண், அந்த நேரத்தில் ரேமில் இருப்பதை மட்டும் காட்டும். பேஜ் ஃபைலுக்குப் போனது அதில் வராது. டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், நெடுவரிசைத் (காலம்) தலைப்பில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் 'கமிட் சைஸ்' (ரேமும் பேஜ் ஃபைலும் சேர்த்து ஆப் வாங்கி வைத்திருக்கும் மெமரி), 'ஹேண்டில்ஸ்' (ஆப் திறந்து வைத்திருக்கும் ஃபைல் போன்றவற்றின் எண்ணிக்கை) இரண்டையும் டிக் செய்ய வேண்டும். ஆப் ஒரே பெயரில் மூன்று நான்கு புராசஸாக ஓடினால் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பேப்பரில், நேரமும் இரண்டு எண்ணும். கூடவே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்து 'நான்-பேஜ்டு பூல்' (விண்டோஸும் டிரைவர்களும் ரேமிலேயே பிடித்து வைத்திருக்கும் பகுதி) என்பதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் ஆப்பை விட்டுவிட்டு டிரைவரைத் தேட வேண்டும், பெரும்பாலும் சவுண்டு கார்டு அல்லது வைஃபை டிரைவர். இங்கே அது அசையவில்லை. சிபியு வேகமும் இறங்கவில்லை. முகப்புத் திண்ணையில் வெயில்பட வைத்த லேப்டாப் சூட்டில் திணறுவதை மெமரிக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு மணி நேர எண்களைப் பார்த்ததும் விஷயம் ஒன்றல்ல என்று தெரிந்தது. சில இடத்தில் திடீரென்று படி ஏறியதுபோல் குதித்தது, சில இடத்தில் மெல்ல மெல்ல ஏறியது. இரண்டையும் பிரித்துச் சோதித்தோம்.

முதல் சோதனையில் பாட்டு எதுவும் போடாமல் ஆல்பம் பக்கத்தை மட்டும் மேலும் கீழும் தள்ளினோம். 380 எம்பியில் இருந்த கமிட், இரண்டே நிமிடத்தில் 1,700ஐத் தாண்டியது. காரணம் அட்டைப் படங்கள். யாரோ பாட்டு ஃபைல்களுக்குள்ளேயே 3,000க்கு 3,000 பிக்சல் படங்களைச் செருகியிருந்தார்கள். ஜேபெக்காக டிஸ்கில் அது ஒன்றிரண்டு எம்பிதான். திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 3 கோடியே 60 லட்சம் பைட் ஆகிறது. கட்டைவிரல் அளவுப் படமாகக் காட்டினாலும் இந்த ஆப் முழு அளவில் விரித்து, அதை விடாமல் வைத்துக்கொள்கிறது. நாற்பது படம் கடந்தால் ஒன்றரை ஜிபி அருகில்.

தற்காலிகத் தீர்வு: ஆல்பம் பக்கத்தை விட்டுப் படமில்லாத லிஸ்ட் பக்கத்திலேயே வேலை செய்வது. நிரந்தரத் தீர்வுக்கு எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஆக்‌ஷன்ஸ் போய் 'அட்ஜஸ்ட் கவர்' என்பதைச் சேர்த்து, அதிகபட்ச அளவை 600 என்று கொடுத்தோம். 600க்கு 600 என்றால் விரித்தாலும் பதினான்கரை லட்சம் பைட்டுக்குள் முடிந்துவிடும். இதைத் தொடங்கும் முன் பாட்டு ஃபோல்டரை வேறு டிரைவில் நகல் எடுத்தே ஆக வேண்டும், ஃபைலுக்குள் எழுதுகிற வேலை இது. முடிந்ததும் எல்லா ஃபைலின் தேதியும் மாறிவிடும் என்பதால் ஆப் லைப்ரரியை முதலிலிருந்து ஸ்கேன் செய்யும். விசேஷத்துக்குப் போகிற அன்று காலையில் இதைச் செய்யக் கூடாது.

படிபோல் குதித்தது வேறு கதை. ஆப்பைச் சுருக்கி வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டோம். சினிமாப் பாட்டு ஓடும்வரை ஒன்றுமில்லை. கண்ணதாசன் பாடல்கள் ஃபோல்டர் முழுக்க ஓடியும் சும்மா இருந்தது. நாதஸ்வரம் வந்ததும் ஒரே தாவலில் 900 எம்பிக்கு மேல். அந்த வீட்டு அப்பச்சி காலத்து 90 நிமிட கேசட்டுகளை, ஒரு பக்கத்துக்கு ஒரு வேவ் ஃபைலாக மாற்றி வைத்திருந்தார்கள். கணக்கு எளிது. நொடிக்கு 44,100 மாதிரி, இரண்டு சேனல், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக நொடிக்கு 1,76,400 பைட். 45 நிமிடத்துக்கு 47 கோடியே 62 லட்சம். ஆப் அதை 16 பிட்டிலிருந்து 32 பிட்டாக மாற்றி வைத்துக்கொள்வதால் இரு மடங்கு. டாஸ்க் மேனேஜர் 1,024 கணக்கில் காட்டுவதால் 908 எம்பி. பேப்பரில் குறித்த தாவல் இதற்குச் சரியாகப் பொருந்தியதும் சந்தேகம் தீர்ந்தது.

செட்டிங்கில் 'பாட்டை முழுவதும் மெமரியில் ஏற்று' என்பதும், 'அடுத்த பாட்டை முன்பே தயார் செய்' என்பதும், ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்ததைக் கலந்து தொடங்கும் கிராஸ்ஃபேடும் ஆனில் இருந்தன. ஒரு கேசட் பக்கம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது இரண்டும் ஒன்றாக மெமரியில் நிற்கும், 1.8 ஜிபி. மூன்றையும் ஆஃப் செய்ததும் குதிப்பு நின்றது.

இங்கே ஒரு தவறான யோசனையும் வந்தது: வேவை, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்காக மாற்றிவிடலாமே என்று. டிஸ்கில் இடம் நன்றாக மிச்சமாகும், உண்மைதான். ஆனால் ஓட்டும்போது அதை விரித்துத்தான் ஆக வேண்டும், முழுவதும் ஏற்றுகிற ஆப்பாக இருந்தால் ரேமில் அதே 908தான். உருப்படிவாரியாக வெட்டினால்தான் பலன். ஆடாசிட்டியில் ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் லேபிள் போட்டு, லேபிள்படி எக்ஸ்போர்ட் செய்தோம். தவில் தனியின் நடுவில் வெட்டிவிடாமல் காதால் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். அலைவடிவத்தில் தெரிகிற சின்ன இடைவெளியைப் பார்த்து வெட்டினால் ஏமாந்துபோவோம்.

இவ்வளவுக்குப் பிறகும் மெல்ல ஏறுவது மிச்சம் இருந்தது. ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் ஹேண்டில்ஸ் மூன்று கூடியது. திரும்ப இறங்கவே இல்லை. நிஜமான லீக் (வாங்கியதைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது) என்றால் இதுதான், முன்னால் பார்த்தவை எல்லாம் செட்டிங்கும் ஆப்பின் பேராசையும். ஆப்போடு சேர்த்துப் போட்டிருந்த துணை நிரல்களான பிளக்இன்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் இருபது பாட்டைத் தாண்டிப் பார்த்தோம். பாட்டு வரியைத் தேடிக் காட்டும் பிளக்இன் நின்றதும் எண் அப்படியே நின்றது. நாதஸ்வரத்துக்குப் பாட்டு வரி எதற்கு?

பேஜ் ஃபைலையும் யாரோ மிகச் சின்னதாகக் குறைத்து வைத்திருந்தார்கள், வேகம் கூடும் என்று. அப்படிச் செய்தால் எல்லா மென்பொருளும் சேர்ந்து கேட்கக்கூடிய மெமரிக்கு ஏறக்குறைய ரேமின் அளவுதான் எல்லை. அதைத் தொட்டதும் ஆப் விழுந்துவிடும். 'சிஸ்டம் மேனேஜ்டு' என்று திரும்ப வைத்து ரீஸ்டார்ட் செய்தோம்.

பிறகு காலை ஐந்திலிருந்து பகல் ஒரு மணிவரை அதே வரிசையில் ஓடவிட்டதில் கமிட் 350க்கும் 460 எம்பிக்கும் நடுவில்தான் ஏறி இறங்கியது.