முகக்கவசமா, ஊரடங்கா?

நேற்று மும்பை மாதுங்காவில் கல்யாணப் பந்தியில் மறுபடியும் அதே கொரோனா பேச்சு. "ஊரடங்கு போட்டதால்தான் தப்பித்தோம், மாஸ்க்கெல்லாம் சும்மா" என்றார் சித்தப்பா. எனக்கு மனசு ஆறவில்லை.

தாராவியில் எங்கள் வீடு பத்துக்குப் பத்து. 2020 மார்ச் 25 முதல் 21 நாள் வெளியே வராதே என்றார்கள். சரி, ஆறு பேர் எங்கே விலகி உட்கார்வது? காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுதானே ஆக வேண்டும்? அங்கே அம்மா பழைய சேலையில் தைத்த இரண்டடுக்கு மாஸ்க்தான் துணை. மூக்கில் நழுவாதிருக்க ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்திருந்தார்.

வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில் ஆய்வு செய்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியுள்ள தொற்று ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்தது, அதுவும் பாதிப் பேர்கூட ஒழுங்காகப் போடாமலேயே. துணி மாஸ்க்குக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஊரடங்கே தப்பு என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகள் படுக்கைகளைத் தயார் செய்ய அவகாசம் கிடைத்தது. ஆனால் தினக்கூலிக்காரர் வீட்டில் அடுப்பு அணைந்ததே! தோல் பட்டறை மூடியதும் எதிர்வீட்டு அண்ணன் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பினார். இன்னும் திரும்பவில்லை.